நான்கு நிமிடம் முன்னதாக

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ரயில் பாதை தெரியும். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை போகும் தடம். தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி, அதை உரசிக்கொண்டே ஓடும் எஞ்சினின் பேண்டோகிராஃப். இரவில் கவனித்தால் அந்த உரசலில் நீலப் பொறி தெறிப்பது தெரியும். பொறி கண்ணில் படுவதற்கு முன்பே என் ஹெட்போனில் அது கேட்டுவிடும். முதலில் மணல் சலிப்பது போல மெலிதாக. அப்புறம் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல. ரயில் நேர் எதிரே வரும்போது வேறெதையும் கேட்க விடாத ஒரே கரகரப்பு. ரயில் விரிஞ்சிபுரம் பக்கம் போய் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் மணல் சலித்துக்கொண்டிருக்கும்.

நான் கேட்க உட்கார்ந்தது ரயிலை அல்ல, பால்வீதியை. 20 மெகாஹெர்ட்ஸில் நம் பால்வீதி ஓயாமல் ஒரு 'உஸ்ஸ்' சத்தம் போடுகிறது. இரண்டு துண்டு செம்புக் கம்பி, ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர். அதை டைபோலாகக் கட்டி, கையடக்க ரிசீவர் ஒன்றில் சொருகி, லேப்டாப்பில் இணைத்தால் போதும், அந்தச் சத்தத்தைக் கேட்டுவிடலாம் என்று படித்திருந்தேன். படித்தது சரிதான். ஆனால் எங்கள் மாடியில் அது எடுபடவில்லை.

நான் பிழைப்புக்கு ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். மோட்டார், டிரைவ், பேனல் என்று நாள் முழுக்க மின்சாரத்தோடுதான் இருக்கிறேன். ஒரு டிரைவ் போர்டு பக்கத்து சென்சார் ஒயரைக் குழப்பினால் அந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிப்பது என் தினசரி வேலை. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் தேடத் தொடங்கினேன். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட விட்டு, மெயின் சுவிட்சை அணைத்தேன். இரைச்சல் சட்டென்று பாதிக்கு மேல் இறங்கியது. பிறகு ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றிக்கொண்டே திரையைப் பார்த்தேன். மகளின் போன் சார்ஜர், கூடத்து எல்.இ.டி பல்பு, புதிதாக மாட்டிய பி.எல்.டி.சி மின்விசிறி, இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றும் திரையில் தன் கோடுகளை வரைந்தது.

இதன் காரணம் எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குப் புதிதல்ல. இன்றைய சார்ஜரும் பல்பும் மின்சாரத்தை விநாடிக்குப் பல பத்தாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் தேவையான வோல்ட்டுக்குக் கொண்டுவருகின்றன. வெட்டு கூர்மையானது. கூர்மையான வெட்டுக்கு மடங்குகள் உண்டு. 50 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் ஒரு சார்ஜருக்கு 402-வது மடங்கு 20.1 மெகாஹெர்ட்ஸில் வந்து விழும். அது பலவீனமானதுதான், ஆனாலும் ஆன்டெனா பத்தடி தள்ளி இருக்கும்போது வானத்தை மறைக்க அதுவே போதும். சார்ஜர் சூடாகச் சூடாக இந்தக் கோடுகள் மெல்ல நகரும். திரையில் சீப்பின் பற்கள் சாய்ந்துகொண்டு போவது போல இருக்கும். எங்கள் வீட்டுச் சீப்புகளை அணைத்துவிடலாம். தெரு முழுக்க இருக்கும் சீப்புகளை என்ன செய்வது?

ஒரு வாரம் இதையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. அன்றிலிருந்து நான் சத்தத்தின் வகையைப் பார்ப்பதை விட அது வரும் நேரத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன். ரயில் கரகரப்பு ரயில்வே அட்டவணைப்படி வருகிறது. பல்பு இரைச்சல் மாலை ஆறரைக்கு ஏறி இரவு பதினொன்றுக்கு இறங்குகிறது. கரண்ட் கம்பத்தின் கொரகொரப்புக்குள் விநாடிக்கு நூறு துடிப்பு, ஏனென்றால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றில் வோல்ட் இரண்டு முறை உச்சிக்குப் போகிறது. ஒவ்வொரு இரைச்சலும் தனக்கென்று ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. எந்தக் கடிகாரம் என்று கண்டுபிடித்துவிட்டால் ஆளையும் கண்டுபிடித்துவிடலாம்.

வானொலி வானியல் என்ற துறையே இப்படித்தான் பிறந்தது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளருக்குக் கொடுத்த வேலை, கடல் தாண்டிய தொலைபேசிப் பேச்சில் குறுக்கிடும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. நியூ ஜெர்சியில் ஹோல்ம்டெல் என்ற ஊரில் ஒரு வயல்வெளியில், ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரங்கள் மேல் நீளமான ஆன்டெனா ஒன்றை ஏற்றி, 20 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றவிட்டார். அதிர்வெண் 20.5 மெகாஹெர்ட்ஸ். மூன்று வகை இரைச்சல் பதிவானது. பக்கத்து இடிமழை, தொலைதூர இடிமழை, அப்புறம் எதுவென்று தெரியாத ஒரு மெல்லிய சீறல். அந்த மூன்றாவது சத்தம் சூரியனிலிருந்து வருகிறதோ என்று முதலில் நினைத்தார். அந்தக் குளிர்காலத்தில் அது சூரியன் இருந்த திசையிலேயே வந்தது. நம் கணக்கில் மார்கழி என்பது சூரியன் தனுசு ராசியில் இருக்கும் மாதம். பால்வீதியின் மையமும் அந்தத் தனுசுப் பக்கம்தான், மூலம் நட்சத்திரத்துக்கு அருகில். இரண்டும் ஒரே திசையில் இருந்ததால்தான் குழப்பம்.

மாதங்கள் போகப் போகச் சத்தம் சூரியனை விட்டு விலகியது. 24 மணிக்கு ஒரு முறை வராமல் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை வந்தது. அது விண்மீன்களின் நாள். பூமி தன்னைத் தானே ஒரு முறை முழுதாகச் சுற்றும் நேரம் அவ்வளவுதான். சூரியன் மறுபடி உச்சிக்கு வர இன்னும் 4 நிமிடம் ஆகிறது, ஏனென்றால் அதற்குள் பூமி தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. தினமும் நான்கு நிமிடம் முன்னதாக வரும் சத்தம் இந்தப் பூமியில் உள்ள எதனுடையதாகவும் இருக்க முடியாது. 1933-ல் ஜான்ஸ்கி இதை வெளியிட்டார். அந்த நான்கு நிமிடத்தை நானே என் கையால் அளக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. காட்பாடியில் நடக்காது என்பதும் தெரிந்துவிட்டது.

ஒடுகத்தூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் என் மாமாவுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. நிலக்கடலை போட்டிருந்தார். அருகில் வீடு என்றால் மாமா வீடு மட்டும்தான். பொங்கல் முடிந்த வாரம் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, பத்தடி உயரத்தில் டைபோலைக் கிழக்கு மேற்காகக் கட்டினோம். மாமா கம்பத்தைப் பிடித்துக்கொண்டார், நான் முடிச்சுப் போட்டேன். இரவு பத்து மணிக்கு அவரிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இன்னா மாப்ள, மழ பெய்யற மாதிரி இருக்குது. இத்த கேக்கவா இவ்ளோ தூரம் வந்துக்கினு இருக்க?"

ஆமாம் மாமா, இதற்குத்தான். ஆனால் அன்றைக்கு அவர் கேட்டது வானத்தை அல்ல. பின்னாலேயே விநாடிக்கு நூறு துடிப்பு இருந்தது.

சின்ன ஏ.எம் ரேடியோ ஒன்றை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வரப்போரமாக நடந்தேன். நான்காவது கம்பத்தடியில் கொரகொரப்பு உச்சத்துக்குப் போனது. நிமிர்ந்து பார்த்தால் ஒரு பீங்கான் இன்சுலேட்டரில் கம்பியை இறுக்கிக் கட்டும் பைண்டிங் ஒயர் தளர்ந்து ஒரு மயிரிழை இடைவெளி விட்டிருந்தது. அந்த இடைவெளியில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு பொறி. கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொறி. விளக்கு எரிவதிலோ மோட்டார் ஓடுவதிலோ அதனால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் ஒரு பொறி என்பது சில கிலோஹெர்ட்ஸில் தொடங்கி நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே நேரத்தில் சத்தம் போடும் டிரான்ஸ்மிட்டர். மழை பெய்த மறுநாள் அந்தச் சத்தம் சுத்தமாக இல்லை. ஈரம் இடைவெளியை இணைத்துவிட்டது. இரண்டு நாள் வெயில் அடித்ததும் மறுபடி வந்துவிட்டது. காய்ந்தால் வருவதும் நனைந்தால் போவதும் இந்த வகையின் அடையாளம். (யாராவது இதைத் தேடிப் போனால் கம்பத்தைத் தட்டிப் பார்க்காதீர்கள், தொடாதீர்கள். நான் இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், நானும் தொடவில்லை.) லைன்மேன் அண்ணனிடம் சொன்னேன். அடுத்த பராமரிப்பு நாளில் லைனை அணைத்துவிட்டு ஏறி, புது ஒயர் கட்டிக் கொடுத்தார்.

இது என் சின்ன டைபோலுக்கு மட்டும் உள்ள பாடு அல்ல. புனேவுக்கு வடக்கே கோடாடில் இருக்கும் ஜி.எம்.ஆர்.டி வானொலித் தொலைநோக்கியில், 45 மீட்டர் அகலமுள்ள 30 கிண்ண ஆன்டெனாக்கள் இருந்தும், குறைந்த அதிர்வெண்ணில் முக்கியமான தொந்தரவு இந்த மின்கம்பிப் பொறிகள்தான். உலகத் தரமான கருவியை வைத்துக்கொண்டு, சுற்று வட்டாரத்தில் எந்தக் கம்பத்தில் பொறி என்று அவர்களும் தேட வேண்டியிருக்கிறது.

கம்பம் அடங்கிய இரவு புதிதாக ஒன்று கேட்டது. டக். டக். டக். ஒரு விநாடிக்கு ஒன்று, அளந்து வைத்தது போல. அதுவரை கொரகொரப்புக்குக் கீழே அமுங்கிக் கிடந்திருக்கிறது. எனக்குக் கை சில்லிட்டது. 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் என்ற மாணவி, நாலரை ஏக்கரில் கட்டிய ஆன்டெனாவில், 81.5 மெகாஹெர்ட்ஸில், 1.337 விநாடிக்கு ஒரு துடிப்பைப் பார்த்தார். வரைபடத் தாளில் அது முதலில் கால் அங்குலக் கிறுக்கல்தான். மனிதர்கள் செய்யும் ஏதோ குறுக்கீடு என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. அந்தக் கிறுக்கல் எப்போது வருகிறது என்று பழைய தாள்களில் தேடினார். அது விண்மீன்களின் கடிகாரப்படி வந்தது, தினமும் நான்கு நிமிடம் முன்னதாக. அப்படித்தான் பல்சார் என்ற, சுழன்றபடி துடிப்பு விடும் விண்மீன் கிடைத்தது.

என் டக் டக் இரவில் எந்த நேரமும் ஒரே அளவில் இருந்தது, பகலில் இல்லை. அதுவே விடையைச் சொல்லிவிட்டது. மாமா நிலக்கடலைக்குக் காட்டுப்பன்றி வராமல் இருக்க சோலார் வேலி போட்டிருந்தார், சூரியன் மறைந்ததும் போடுவார். அந்த வேலிப் பெட்டி விநாடிக்கு ஒரு முறை கம்பிக்கு உயர் வோல்ட் துடிப்பைத் தள்ளும். எங்கேயோ புல் கம்பியைத் தொட்டுப் பொறி தட்டியது. புல்லை வெட்டினோம். சத்தம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. கடலை நிற்கும்வரை வேலியை அணைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கடலைதான் அவருக்கு அந்த வருஷத்துச் சாப்பாடு.

ஆக, மனிதர்கள் செய்யும் இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த பிறகு இயற்கையின் இரைச்சல் மிஞ்சியது. முதலில் மின்னல். உலகம் முழுக்கச் சேர்த்து ஒரு விநாடிக்கு 40-க்கும் மேற்பட்ட மின்னல்கள் அடிக்கின்றன என்று செயற்கைக்கோள்கள் கணக்கெடுத்திருக்கின்றன. வேலூர் வானம் தெளிவாக இருந்தாலும், எங்கோ அந்தமான் பக்கம் அடிக்கும் மின்னலின் 'சட்' சத்தம் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி என் கம்பிக்கு வந்துவிடும். சித்திரை, வைகாசியில் மாலை நேரத்தில் ஜவ்வாது மலைமேல் இடி கட்டும்போது பதிவு முழுக்க முள்ளாக இருக்கும். மேகம் கறுத்தாலே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுவேன்.

அந்த அயனி மண்டலத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சூரிய ஒளி காற்று மண்டலத்தின் மேல்பகுதியில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து வைக்கிறது. அந்த எலக்ட்ரான் அடுக்கு, ஒரு அளவுக்குக் குறைவான அதிர்வெண்களை மேலிருந்து உள்ளே விடாது, கீழிருந்தும் வெளியே விடாது. அதனால்தான் சிற்றலை வானொலி கண்டம் தாண்டிப் போகிறது, அதனால்தான் சுமார் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே தரையிலிருந்து வானத்தைப் பார்ப்பது அநேகமாக முடியாத காரியம். 20-ல் பகல் முழுக்க வெளிநாட்டு ஒலிபரப்பும் தொலைதூர மின்னலும் எட்டித் திரும்பி வரும். பின்னிரவில் அடுக்கு மெலிந்ததும் அவை வானத்தைத் தாண்டிப் போய்விடும், நமக்கு அமைதி கிடைக்கும்.

நம் ஊருக்கு இதில் ஒரு கூடுதல் பங்கு உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியில், திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. அந்தக் கோட்டுக்கு அருகே சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தின் அடியில் எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் உருவாகி மேலே எழும்பும், சோற்றுப் பானை கொதிக்கும்போது வருவது போல. அதன் வழியாக வரும் வானொலி அலை மினுக்கும். விண்மீன் கண்ணுக்கு மினுக்குவது போலத்தான், ஆனால் படம் எடுப்பவருக்கு அது பெரும் தலைவலி. புள்ளியாக இருக்க வேண்டியது அலைந்து குழம்பிவிடும். ஜி.எம்.ஆர்.டி 2010 முதல் 2012 வரை 150 மெகாஹெர்ட்ஸில் எடுத்த டி.ஜி.எஸ்.எஸ் என்ற வான் கணக்கெடுப்பு முழுமையாகப் பயன்பட்டது 2017-ல்தான். ஹூய்ப் இன்டெமாவும் கூட்டாளிகளும் ஒவ்வொரு திசைக்கும் அயனி மண்டலம் எவ்வளவு திருப்பிவிட்டது என்று தனித்தனியாகக் கணக்கிட்டுச் சரி செய்து, வானத்தின் 90 சதவீதத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வானொலி மூலங்களைப் பட்டியலிட்டார்கள்.

இத்தனையையும் தாண்டினால் அந்த 'உஸ்ஸ்'.

ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் ஓடும் எலக்ட்ரான்கள் பால்வீதியின் காந்தப்புலத்தில் சுழன்று சுழன்று போகும்போது விடும் அலை அது. அதிர்வெண் குறையக் குறைய அது வலுக்கும். பாதி அதிர்வெண்ணுக்குப் போனால் சுமார் 6 மடங்கு. வானொலிக்காரர்கள் இதை வெப்பநிலையாகச் சொல்வார்கள். 180 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் அமைதியான பகுதி சுமார் 180 கெல்வின். என் 20-ல் அதுவே 50,000 கெல்வின் அளவுக்குப் போய்விடுகிறது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. உயர் அதிர்வெண்ணில் வேலை செய்பவர்கள் ரிசீவரின் சொந்த இரைச்சலைக் குறைக்க அதை உறைநிலைக்கும் வெகு கீழே குளிரவைக்கிறார்கள். 20-ல் அதனால் ஒரு பயனும் இல்லை. ரிசீவர் போடும் சத்தத்தை விட வானம் போடும் சத்தம் பெரியது. அதனால்தான் விலை குறைந்த கருவி வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் வழி கிடைத்தது.

இதே விஷயம் குரோட் ரீபருக்கு எதிர்த் திசையில் நடந்தது. 1937-ல் அமெரிக்காவின் வீட்டனில், தன் சொந்தப் பணத்தில், வீட்டுத் தோட்டத்தில் ஒன்பதரை மீட்டர் கிண்ணம் கட்டியவர். பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் வானம் பார்த்தவர். சூடான பொருள் எதுவும் உயர் அதிர்வெண்ணில்தான் அதிகம் ஒளிர வேண்டும் என்று நம்பி 3,300 மெகாஹெர்ட்ஸில் தேடினார், ஒன்றும் இல்லை. 900-லும் இல்லை. 160-க்கு இறங்கியபோதுதான் பால்வீதி கிடைத்தது. அவருக்கும் குறுக்கே வந்தது கார்களின் இக்னிஷன் பொறிதான். வண்டிகள் ஓயும் நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வேலை முடிந்து வந்து ராத்திரியில் விழித்திருக்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன், தெம்பாக இருக்கும்.

நான் செய்வது ஒரு கம்பியில் ஒரு கோடு வரைவது. முழு வானத்தையும் வரைபடமாக்குவது வேறு வேலை, அங்கே இரைச்சல் வேறு வேடங்களில் வரும். எனக்கு மிகவும் பிடித்தது கோடுகளின் கதை. 408 மெகாஹெர்ட்ஸில் ஹாஸ்லமும் கூட்டாளிகளும் 1982-ல் வெளியிட்ட முழு வான் வரைபடம், ஜோட்ரல் பேங்க், எஃபெல்ஸ்பெர்க், பார்க்ஸ் தொலைநோக்கிகளை வானத்தில் மேலும் கீழுமாக ஓட்டி எடுத்தது. அம்மா வழியில் எங்களுக்குக் குடியாத்தம், தறிக் குடும்பம். பாட்டி வீட்டில் லுங்கி நெய்வதைப் பார்த்து வளர்ந்தேன். பாவில் ஒரு இழையின் இழுப்பு மற்றதை விடக் கொஞ்சம் தளர்ந்தாலும் துணி முழுக்க ஒரு வரி ஓடும். வெளிச்சத்தில் பிடித்தால் பாட்டி ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். வான் வரைபடமும் அதே போலத்தான். ஒரு ஓட்டம் முடிவதற்குள் ரிசீவரின் உணர்திறன் மெல்ல மாறியிருக்கும், தரையின் வெப்பம் கிண்ணத்தின் விளிம்பு வழியாகக் கொஞ்சம் கசிந்திருக்கும். அடுத்த ஓட்டத்தில் அந்த அளவு வேறாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரி. ஹாஸ்லம் வரைபடத்தில் ஓட்டங்களின் திசையில் அந்த வரிகள் இருந்தன. 2015-ல் ஒரு குழு அந்த வரிகளை எடுத்து மறுபடி வெளியிட்டது. வரியை எடுக்க ஒரு வழி, ஒரே இடத்தை வேறு வேறு ஓட்டங்கள் எப்படிப் பார்த்தன என்று ஒப்பிடுவது. பாவும் ஊடையும் குறுக்கே போகும் இடத்தில்தான் இழுப்பு தெரியும். பாட்டிக்கு இதைக் காட்டியிருந்தால் விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு வகை இரைச்சல், எவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தாலும் குறையாது. சாதாரண இரைச்சலுக்கு நேரம் மருந்து. நான்கு மடங்கு நேரம் கேட்டால் இரைச்சல் பாதியாகும். ஆனால் வானத்தில் மங்கலான மூலங்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. தொலைநோக்கியின் பார்வை மழுங்கலாக இருந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரு மேகமாகிவிடும். ஜவ்வாது மலையிலிருந்து இரவில் பார்த்தால் கீழே ஊர்களின் விளக்குகள் தனித்தனியாகத் தெரியாது, ஒரு மஞ்சள் மூட்டமாகத் தெரியும் அல்லவா, அதுதான். இதைத் தீர்க்கப் பெரிய ஆன்டெனா வேண்டும், அதுவும் குறைந்த அதிர்வெண்ணில் மிகப் பெரியது. 20 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 15 மீட்டர். மனிதக் கண்ணின் கூர்மையைப் பெற சுமார் 50 கிலோமீட்டர் அகலம் வேண்டும், வேலூரில் ஒரு முனை, ஆம்பூரில் இன்னொரு முனை. நமக்குப் பக்கத்தில் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் டி வடிவத்தில் ஆயிரம் டைபோல்களை, கிழக்கு மேற்காக 1.4 கிலோமீட்டர் தூரத்துக்குப் பரப்பி, 34.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு வான் கணக்கெடுப்பு செய்தார்கள். துவாரகநாத், உதய சங்கர் இருவரும் 1990-ல் வெளியிட்டார்கள். அத்தனை பரப்பியும் அதன் பார்வை முழு நிலாவின் அகலத்தை ஒட்டித்தான். ஆனாலும் அந்த அதிர்வெண்ணில் அந்த அளவு வானத்தை அவ்வளவு தெளிவாக எடுத்த வரைபடங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். நம் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமும் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து கட்டிய கருவி அது. காவலூரில் சனிக்கிழமை இரவு வானம் காட்டுவார்கள் என்று பள்ளி நாளில் பஸ் ஏறிப் போனவன் நான். அதே வீட்டுக்கு இப்படி ஒரு காதும் இருந்தது எனக்கு அப்போது தெரியாது.

பல ஆன்டெனாக்களைச் சேர்த்துப் பார்க்கும் கருவிகளில் மறுபடி கடிகாரம் வந்து நிற்கிறது, இதை அறிந்தபோது எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு மகிழ்ச்சி. பூமி சுற்றுவதால் ஒரு விண்மீனின் அலை ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம் மாறிக்கொண்டே இருக்கும். கருவி அந்த மாற்றத்தை ஈடுகட்டிக்கொண்டே போகும். அப்போது வானத்தோடு சேர்ந்து சுற்றும் எதுவும் ஒரு புள்ளியில் குவியும். தரையில் அசையாமல் நிற்கும் மின்கம்பத்தின் இரைச்சல் கலைந்துவிடும். ஆனால் வானத்தில் ஒரே ஒரு இடம் சுற்றுவதில்லை: துருவம். அதனால் கலையாமல் மிஞ்சும் தரை இரைச்சல் எல்லாம் வரைபடத்தில் துருவத்தில் போய்க் குவியும், அங்கே ஏதோ ஒளிர்வது போல.

இந்தக் கணக்கு எதிலும் அடங்காத ஒன்று இப்போது வந்திருக்கிறது. செயற்கைக்கோள்கள் தரையின் கடிகாரத்தையும் பின்பற்றாது, விண்மீன் கடிகாரத்தையும் பின்பற்றாது. 2023-ல் ஐரோப்பாவின் லோஃபார் தொலைநோக்கி, ஸ்டார்லிங்க் கோள்களிலிருந்து 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸ் வரை கசிவு வருவதை அளந்து சொன்னது. அது அவை வேண்டுமென்று அனுப்பும் அலை அல்ல, உள்ளே இருக்கும் மின்னணுப் பலகைகளின் கசிவு. அடுத்த ஆண்டு வந்த ஆய்வில் இரண்டாம் தலைமுறைக் கோள்களின் கசிவு 32 மடங்கு வரை அதிகம் என்று தெரிந்தது. ஆளில்லாத பாலைவனத்துக்குப் போனால் சார்ஜரிலிருந்து தப்பலாம். ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் பகுதியில் அப்படித்தான் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆன்டெனாக்களை நடுகிறார்கள். தலைக்கு மேலே பறப்பதிலிருந்து எங்கே போய்த் தப்புவது? என் மகளின் தலைமுறை கேட்க வேண்டிய வானம் இது, எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது.

மாமா நிலத்துக்கு வருகிறேன். பால்வீதி மையம் நம் ஊரில் மார்ச் 20 வாக்கில் காலை 6 மணிக்கு உச்சியைக் கடக்கும். அப்போது 'உஸ்ஸ்' வலுத்து என் பதிவில் ஒரு மேடாகத் தெரியும். மார்ச் முழுக்க அந்த மேடு ஏறிக்கொண்டிருக்கும், உச்சியைத் தொடுவதற்குள் விடிந்துவிடும். சூரியன் வந்ததும் அயனி மண்டலம் கெட்டியாகி எல்லாம் குழம்பிவிடும். ஏப்ரலில் மேடு நான்கு மணிக்கு வர வேண்டும். ஆனால் வேலியின் டக் டக் அதன் மேலேயே விழுந்து, சராசரி எடுத்தாலும் மேட்டின் உச்சி எங்கே என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மின்னல் முட்களைக் கணினி தானாகவே நீக்கிவிடும், அவை எப்போதாவது வருபவை. விநாடிக்கு ஒன்று, இரவு முழுக்க வருவதை நீக்கினால் கூடவே நிறைய வானமும் போய்விடுகிறது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் ஷிப்டு முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். மாமா போன் செய்தார்.

"மாப்ள, கல்லக்கா புடுங்கியாச்சி. வேலிய கழட்டி வூட்ல வெச்சிட்டேன். கூடவே அந்த எல்.இ.டி லைட்டயும் நிறுத்திட்டேன், அதுவும் சத்தம் போடும்னு சொன்னியே. வந்து கேளு."

மே மாதம் இருபது நாள் பதிவு கிடைத்தது. பாதி நாள் இடிமழையில் போனது, மிஞ்சியதைச் சேர்த்துச் சராசரி எடுத்தேன். மேடு அகலமானது, டைபோல் வானத்தின் பெரும் பகுதியை ஒன்றாகப் பார்க்கிறது, அதனால் உச்சியில் கால் மணி நேரம் இப்படி அப்படி இருக்கும். மாதத் தொடக்கத்தில் மூன்றே கால் வாக்கில் இருந்தது. 20-ம் தேதி பக்கம் இரண்டு மணியைக் கொஞ்சம் தாண்டி. இரண்டு தாளையும் மாமா வீட்டுத் திண்ணையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். அவர் இரண்டு மேட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை விரலால் அளந்தார். அத்தை உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டும் அவர் தாளைக் கீழே வைக்கவில்லை.